யாரும் போகாத கூட்டம்

திண்டுக்கல் மணிக்கூண்டு பக்கம் எந்தக் கூட்டம் நடந்தாலும் டீக்கடை ஓரத்தில் நாங்கள் மூன்று பேர் நிற்போம். நான் மாவட்டக் காவல்துறையின் உளவுப் பிரிவில் சப்-இன்ஸ்பெக்டர். சீருடை கிடையாது, சாதாரணச் சேலை, கையில் ஒரு கட்டைப்பை. இரண்டாமவர் சென்னைத் தலைமையிடத்துக்கு நேரடியாகத் தகவல் அனுப்பும் மாநிலப் பிரிவைச் சேர்ந்தவர். என்னைவிட மூத்தவர் என்பதால் அண்ணன் என்று கூப்பிடுவேன். மூன்றாமவர் மத்திய அரசின் உளவு அலுவலகத்துக்காரர். ஒட்டன்சத்திரம் பக்கம் சொந்த ஊர், முப்பத்தைந்து வயதிருக்கும். எனக்கு அவர் தம்பி. இப்போது நான் விருப்ப ஓய்வில் இருப்பதால் இதை எழுத முடிகிறது. பெயர்களை மட்டும் விட்டுவிடுகிறேன்.

ரகசிய வேலை என்றுதான் பெயர். ஆனால் எங்களை ஊருக்கே தெரியும். ஒருமுறை வெங்காய விலை பற்றிய கூட்டத்தில் மேடையேறியவர் மைக்கைப் பிடித்து, "வந்திருக்கிற விவசாயிகளுக்கும், வியாபாரிகளுக்கும், அங்கிட்டு டீக்கடையில நின்னு நம்ம பேசுறதை எழுதப்போற மூணு பேருக்கும் வணக்கம்" என்றார். கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தம்பி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு செல்போனில் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். அண்ணன் மட்டும் நிதானமாகக் கையைக் குவித்துப் பதில் வணக்கம் வைத்தார்.

"என்னண்ணே இப்படிப் பண்றீங்க?"

"வணக்கம் வச்சா திருப்பி வைக்கணும்மா. அது மரியாதை."

எங்கள் மூவருக்கும் ஒரே வேலை. ஒரே பேச்சைக் கேட்டு, ஒரே தலைகளை எண்ணி, மூன்று அலுவலகங்களுக்கு அனுப்புவோம். எண்ணுவதில் ஆளுக்கொரு வழி. நான் நாற்காலிகளை எண்ணி, நிற்கிறவர்களைக் கூட்டிக்கொள்வேன். அண்ணன் முதல் வரிசையை எண்ணி வரிசைகளால் பெருக்குவார். தம்பி வந்த வண்டிகளை எண்ணி, வண்டிக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போடுவார். ஒரே கூட்டத்துக்கு நான் இருநூறு என்பேன், அண்ணன் முந்நூற்றைம்பது என்பார், தம்பி ஐந்நூறு என்பார். மூன்று காகிதங்களும் கடைசியில் சென்னையில் ஒரே மேஜைக்குப் போய்ச் சேரும்போல. மறுநாள் போன் வரும்.

"ஏம்மா, ஒரே மைதானம், ஒரே சாயங்காலம். ஆள் மட்டும் எப்படிம்மா மாறும்?"

இந்தத் தொந்தரவைத் தீர்க்கத்தான் ஒருநாள் பெரிய அதிகாரிகள் கூடி ஒருங்கிணைப்புக் கூட்டம் போட்டார்கள். முந்திரி பிஸ்கட் வைத்த கூட்டம். எங்களைப் போன்றவர்கள் சுவரோரம் நின்றோம். ஒரே விஷயத்தை மூன்று பேர் துருவுவது வீண் உழைப்பு, இனி ஆளுக்கொரு துறை என்று முடிவானது. விவசாயிகள், வியாபாரிகள், தொழிலாளர்கள் எங்கள் பிரிவுக்கு. மாணவர்கள், கல்லூரிகள், வேலை தேடும் இளைஞர்கள் மாநிலப் பிரிவுக்கு. கோயில், சர்ச், தர்கா விழாக்களும் வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவர்களும் மத்திய அலுவலகத்துக்கு. ஒருவர் பார்ப்பதை மற்றவர் பார்க்க வேண்டாம், தேவைப்பட்டால் கேட்டுப் பெறவும் என்று அட்டவணைக்குக் கீழே எழுதியிருந்தது. அதை ஜெராக்ஸ் எடுத்து என் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போகலாம் அல்லவா?

அட்டவணை நன்றாகத்தான் வேலை செய்தது, ஜல்லிக்கட்டு வரும்வரை. ஜல்லிக்கட்டு யாருடைய துறை? மாடு விவசாயிகளுடையது, ஆகவே மாவட்டம் என்றார் அண்ணன். பிடிக்கிறவர்கள் எல்லாம் இளைஞர்கள், ஆகவே நீங்கள்தான் என்றேன் நான். தம்பி இருவருக்கும் பொதுவாக, "ஏனுங்க அக்கா, புனித அந்தோனியார் பண்டிகைக்குத்தானுங்க மாட்டை அவுக்கறாங்க? அப்பிடின்னா அது என்னுதுங்களே" என்று பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டவர், அண்ணன் எப்படியும் போவார் என்று நம்பிப் பழனிக்குப் போய்விட்டார். அண்ணன் நான் போவேன் என்று நம்பினார். நான் வீட்டில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தேன். மாலையில் எத்தனை மாடு என்று மேலிடம் கேட்டபோது மூன்று பேருமாகக் கால்நடை டாக்டரைப் பிடித்தோம். அவர் எல்லா மாட்டுக்கும் சான்றிதழ் எழுதியவர் என்பதால் எண்ணிக்கை கச்சிதமாகக் கிடைத்தது. மூன்று அறிக்கையிலும் முதன்முறையாக ஒரே எண். மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது.

அந்தப் பாராட்டு எங்களைக் கெடுத்தது. மேலதிகாரிகள் துறை பிரித்தார்களே தவிர, யாரும் தன் துறையோடு நிற்கவில்லை. விவசாயம் மட்டும் பார்க்கச் சொன்ன என் அதிகாரி, கல்லூரியில் என்ன நடக்கிறது என்று என்னையே கேட்பார். மாணவர்களை மட்டும் பார்க்க வேண்டிய அண்ணனிடம் தக்காளி விலையைக் கேட்பார்கள். ஆகவே "கேட்டுப் பெறவும்" என்ற வரிதான் எங்களுக்கு வேலையை எளிதாக்கியது. யாருடைய துறையோ அவர் போவார். திரும்பியதும் மற்ற இருவருக்கும் போனில் சொல்வார். மூன்று பேரும் தனித்தனியாக எழுதி அனுப்புவோம். ஒரே மாதிரி தெரியக்கூடாது என்பதில் மட்டும் கவனமாக இருப்போம். நான் "சுமார் முந்நூறு பேர்" என்றால் அண்ணன் "ஏறத்தாழ முந்நூறு பேர்" என்று எழுதுவார். தம்பிக்கு இங்கிலீஷில் எழுதும் வசதி இருந்தது.

அறிக்கையின் கடைசியில், "இத்தகவல் பிற வட்டாரங்களாலும் உறுதி செய்யப்பட்டது" என்று ஒரு வரி போடுவேன். பிற வட்டாரங்கள் என்றால் டீக்கடையின் மற்ற இரண்டு கிளாஸ்கள். அந்த வரியை நான் யோசித்து எழுதியதே இல்லை. ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதுபோலக் கை தானாகக் குத்தும்.

எங்கள் வீட்டில் மூன்று பேர். கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஒரே மகள் அப்போது காந்திகிராமத்தில் முதுகலை படித்துக்கொண்டிருந்தாள், புள்ளியியல். நான் எதற்கெடுத்தாலும் பயப்படும் அம்மா. அவள் ஏறுகிற பஸ் பத்து நிமிடம் தாமதமானால் நான் தெருமுனைக்குப் போய் நிற்பேன். ஆனால், எங்கே போனாய், யாரோடு போனாய் என்று நான் வாயைத் திறந்தாலே அவள், "ஸ்டேஷன்ல கேக்குற மாதிரி கேக்காதம்மா" என்பாள். கடைசியில் கணவர்தான் பஞ்சாயத்து பண்ணி ஒரு சட்டம் போட்டார். வீட்டுக்குள் விசாரணை கிடையாது. அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அந்தச் சட்டத்தை நான் மதித்தேன். மதித்ததுதான் தப்பு என்று பிறகு பல நாள் நினைத்தேன்.

சிறுமலைக்கு இன்னும் இரண்டு பஸ் விட வேண்டும் என்று ஒரு கூட்டம் நடந்தது. மலையில் வாழை போடுகிறவர்கள், அங்கிருந்து கீழே வந்து படிக்கும் பிள்ளைகள், பஸ்ஸை விட்டால் ஜீப்பில் தொங்குகிறவர்கள் எல்லாம் பஸ் ஸ்டாண்டு பக்கம் கூடினார்கள். வாழை என்பதால் எங்கள் துறை, பிள்ளைகள் என்பதால் மாநிலத் துறை. அதற்கு முந்தைய வாரம் பூ மார்க்கெட் கூட்டத்துக்கு நான் போயிருந்தேன். எனவே இது அண்ணனுடைய முறை.

அன்று மழை. அண்ணனின் வண்டி வழியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தபோது கூட்டம் கலைந்து, மைக் செட்டுக்காரர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் அவரிடம் விசாரித்தார். எத்தனை பேர், என்ன பேசினார்கள், யார் முதலில் பேசியது? மைக் செட்டுக்காரர் உண்மையைத்தான் சொன்னார். முதலில் மைக்கில் பேசியது பச்சை சுடிதார் போட்ட ஒரு காலேஜ் பெண். அண்ணன் உடனே எனக்குப் போன் செய்தார்.

"எழுதிக்கம்மா. நூத்தம்பது பேரு. ரெண்டு பஸ்ஸு கேக்குறாங்க. மொதல்ல பேசுனது பச்சைச் சுடிதார் போட்ட ஒரு காலேஜ் புள்ள. காந்திகிராமத்துல படிக்கிதாம்."

அப்போது மணி ஏழு இருக்கும். நான் சாப்பாட்டு மேஜையில் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். எதிரே மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மழையில் நனைந்து வந்தவள், பசிக்கிறது என்று உடைகூட மாற்றாமல் உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் வெஞ்சனம் வை."

நான் இடது கையால் பொரியலை எடுத்து வைத்துவிட்டு வலது கையால், "பச்சை நிற சுடிதார் அணிந்த கல்லூரி மாணவி ஒருவர் தலைமையேற்றுக் கூட்டத்தைத் தொடங்கிவைத்தார்" என்று எழுதினேன். அண்ணன் 'முதலில் பேசியது' என்றுதான் சொன்னார். அவருடைய சொல்லையே போட்டால் இருவர் அறிக்கையும் ஒன்றாகத் தெரியும் என்று 'தலைமையேற்று' என்ற சொல்லைச் சேர்த்தவள் நான்தான். பிற வட்டாரங்களாலும் உறுதி செய்யப்பட்டது என்று முடித்தேன். நிமிர்ந்து பார்த்தேன். என் மகள் பச்சை சுடிதாரில் கையை நக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஈரத்தோடு உட்காராதே, சளி பிடிக்கும் என்று மட்டும் சொன்னேன்.

ஒரு வருடம் கழித்து, அவள் பரீட்சை எழுதி மத்திய அரசின் புள்ளிவிவர அலுவலகத்தில் வேலைக்குத் தேர்வானாள். நாக்பூரில் சேர வேண்டும். வீட்டில் ஒரு வாரம் விருந்தாளிக் கூட்டம். கணவர் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மிட்டாய் கொடுத்துவிட்டு வந்தார். இனி நன்னடத்தைச் சரிபார்ப்பு ஒன்றுதான் பாக்கி. அது எங்கள் அலுவலகத்துக்கே வரும் காகிதம். நான் கவலைப்படாத ஒரே விஷயம் வாழ்க்கையில் அதுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை என் ஆய்வாளர் கூப்பிட்டார். என்னைவிட வயதில் சிறியவர், எப்போதும் அம்மா என்றுதான் அழைப்பார். அன்றும் அம்மா என்றுதான் சொன்னார். ஆனால் கதவைச் சாத்தச் சொன்னார்.

"உக்காருங்கம்மா. உங்க பொண்ணு வெரிஃபிகேஷன் வந்திருக்கு. பேரைத் தேடுனா ஒரு ரெக்கார்டு வருது."

"என் பொண்ணு மேலயா சார்? வேற யாராவது இருக்கும். அந்தப் பேர்ல எங்க தெருவிலயே நாலு புள்ளைங்க இருக்கு."

"அப்பா பேரு, காலேஜு எல்லாம் சரியா இருக்கும்மா. அரசுக்கு எதிரான கூட்டத்துக்குத் தலைமை தாங்குனதா இருக்கு. ஒரு துறை இல்லை, மூணு துறையும் தனித்தனியா உறுதி பண்ணியிருக்கு."

காகிதங்களை என் பக்கம் நகர்த்தினார். முதலாவது அண்ணனுடையது. மூன்றாவது தம்பியுடைய இங்கிலீஷ். நாங்கள் இருவரும் சொன்னதை வைத்து எழுதியவர், அவருடைய மேலிடம் பெயர் கேட்டதால், செல்போனில் சுற்றிய கூட்டத்தின் போட்டோ ஒன்றைக் காந்திகிராமத்தை ஒட்டிய சின்னாளபட்டியில் யாரிடமோ காட்டிப் பெயரையும் அப்பா பெயரையும் விசாரித்துச் சேர்த்திருந்தார். எனக்கு ஒரு மகள் இருப்பது அவருக்குத் தெரியும். அவள் பெயரோ என் கணவர் பெயரோ தெரியாது, அவளைப் பார்த்ததும் இல்லை. நடுவில் இருந்த காகிதத்தில் பச்சை நிற சுடிதார் அணிந்த கல்லூரி மாணவி தலைமையேற்றிருந்தார். எழுத்து என்னுடையது. 'ணை'யை நான் எப்போதும் பழைய முறையில் சுழித்துத்தான் எழுதுவேன்.

எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பொரியல். அவரைக்காய். நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க நேர்ல பார்த்ததுதானேம்மா இது?" என்றார் ஆய்வாளர்.

ஆமாம் என்றால் என் மகளின் வேலை போகும். இல்லை என்றால் என் இருபத்தாறு வருடப் பெயர் போகும். அண்ணனும் தம்பியும் சேர்ந்து மாட்டுவார்கள். யோசித்தேன் என்று சொன்னால் பொய். வாய் முந்திக்கொண்டது.

"இல்ல சார். நான் போகல."

"அப்ப மாநிலத்துக்காரர் போனாரா?"

"அவரு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு சார்."

"மத்தியத்துல இருந்து?"

"அவரு எங்க ரெண்டு பேரையும் கேட்டு எழுதுனாரு."

"அப்ப அந்தக் கூட்டத்துக்கு யாருதாம்மா போனா?"

"என் பொண்ணு போயிருக்கா போல சார்."

ஆய்வாளர் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா, திகைத்துப்போனாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் நகர்த்தி, "எழுதிக் குடுங்கம்மா" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

பிறகு டீக்கடைக்குப் போய் மற்ற இருவரையும் வரச்சொன்னேன். விஷயத்தைச் சொன்னதும் தம்பி டீயைக் கீழே வைத்தார்.

"அய்யோ அக்கா, அந்தப் பேரை எழுதுனது நானுங்க. உங்க புள்ளைன்னு தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பனுங்களா?"

"யார் வீட்டுப் புள்ளையா இருந்தாலும் எழுதியிருக்கக் கூடாதுல்ல தம்பி?"

அண்ணனுக்குக் கோபம். ஓய்வுக்கு இன்னும் பதினான்கே மாதம். "ஏம்மா, இம்புட்டு வருஷப் பழக்கம். போய்ச் சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்ல?"

"உங்ககிட்டக் கேட்டு எழுதித்தாண்ணே இங்க வந்து நிக்கிறேன்."

அவர் பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். நான்கடி போனவர் திரும்பி வந்தார். "புள்ளைக்கு வேலை போயிருமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு, இந்த முறை மிச்ச டீயையும் குடித்துவிட்டுப் போனார்.

மேலிடம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. என் மகள் என்பதால் நான் அதன் பக்கமே தலைகாட்டக் கூடாது. மற்ற இருவரும் தனித்தனியாகப் போய் விசாரிக்க வேண்டும், அறிக்கை கொடுக்கும்வரை ஒருவரோடொருவர் பேசவே கூடாது என்று எழுத்தில் கொடுத்தார்கள். பத்து நாள் கெடு. அந்தப் பத்து நாளும் நான் வீட்டில் எப்படி இருந்தேன் என்பதைக் கணவர் இப்போதும் நடித்துக் காட்டுவார். குழம்பில் இரண்டு முறை உப்புப் போடுவது, போன் அடித்தால் கையைத் துடைத்துக்கொண்டே ஓடுவது. அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். மகளிடம் சரிபார்ப்பு கொஞ்சம் தாமதமாகிறது என்று சொல்லி வைத்தோம். அவள் எங்களை நம்பி, நாக்பூர் குளிருக்கு ஸ்வெட்டர் தேடிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் இருவரும் சிறுமலைக்குப் போன கதையை இருவருமே பிறகு என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். மலைக்குப் பஸ் குறைவு என்பதுதானே கூட்டத்தின் விஷயமே. தனித்தனியாகப் போகக் கிளம்பிய இருவரும் ஒரே பஸ்ஸில் மாட்டிக்கொண்டார்கள். தம்பி முன் சீட்டில். அண்ணன் பின் சீட்டில். பேசக்கூடாது என்ற உத்தரவு இருவரின் சட்டைப்பையிலும் இருக்கிறது. அண்ணனுக்கு வளைந்த ரோடு ஆகாது. நாலாவது வளைவிலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார். தம்பி திரும்பிப் பார்க்காமலே பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்து, "பின்னால வாந்தி எடுக்கறாரே, அவருக்குக் குடுத்துருங்க, எனக்கு அவரைத் தெரியாதுங்க" என்றாராம். அந்தப் பெண் அதைக் கொடுக்கும்போது, "முன்னாடி இருக்கிற தம்பி குடுத்துச்சு, உங்களைத் தெரியாதாம்" என்று அப்படியே ஒப்பித்தாராம். அண்ணன் பழத்தை முகர்ந்துகொண்டே, "எனக்கும் அவரைத் தெரியாதுன்னு சொல்லிருங்கம்மா" என்றாராம். பஸ்ஸில் எல்லோரும் இவர்கள் அண்ணன் தம்பி, சொத்துச் சண்டை என்று முடிவுகட்டிவிட்டார்கள்.

மலையில் வாழை போடும் ஒரு அம்மாளை அண்ணன் பார்த்தார். உண்மையில் அந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்து, முதல் ஆளாகப் பேசியது அவர்தான். "அந்தப் பொண்ணா? எங்க ஊர்ப் புள்ள கூடப் படிக்கிறது. துணைக்கு வந்துச்சு. மைக்கு வேலை செய்யல. அதுதான் ஏறிச் சரிபண்ணிக் குடுத்துட்டு எறங்குச்சு. அதுக்கு ஒரு சீப்புப் பழம் குடுக்கணும்னு நெனச்சேன், மழையில மறந்துட்டேன்" என்றாராம். தம்பி வேறு வழியில் போய் அந்த ஊர் மாணவியிடமிருந்து செல்போன் வீடியோவையே வாங்கிவிட்டார். அதில் என் மகள் மைக்கைத் தட்டுகிறாள். "ஹலோ, ஹலோ. அண்ணே, பின்னாடி கேக்குதா? பெட்டியில வயரு லூசா இருக்கு. இப்பக் கேக்குதா? சரி." அவ்வளவுதான் அவள் தலைமை உரை.

இரண்டு அறிக்கைகளும் வந்த அன்று ஆய்வாளர் என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்தே வாசித்துக் காட்டினார். அண்ணன், கூட்டத்தில் எழுபது பேர் என்று எழுதியிருந்தார். தம்பி நூற்றுப்பத்து என்று எழுதியிருந்தார். மழை எப்போது பிடித்தது என்பதில்கூட இருவருக்கும் அரைமணி நேர வித்தியாசம். மைக்கைச் சரிசெய்த பெண் என்பதில் மட்டும் இருவரும் ஒன்று.

"அட்டவணை வந்ததுக்கப்புறம் உங்க மூணு பேர்கிட்ட இருந்து இம்புட்டு வித்தியாசமா அறிக்கை வந்து நான் பார்த்ததே இல்லம்மா" என்றார். "இப்பத்தான் நம்பிக்கையா இருக்கு." பாதகமாக எதுவும் இல்லை என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். கூடவே எனக்கான குறிப்பாணையையும் நீட்டினார். பணிப் பதிவேட்டில் கண்டனம். மற்ற இருவருக்கும் அவரவர் அலுவலகத்தில் அதுவே. இருபத்தாறு வருடத்தில் முதல் கண்டனம். பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

வேலை உத்தரவு வந்த அன்று சாயங்காலம், மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளாகக் கேட்காமல், நானாகவே. அவள் முதலில் சிரித்தாள். மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "வெஞ்சனம் போட்டுக்கிட்டே என்னைய எழுதியிருக்கியேம்மா! ஒரு நிமிஷம் தலையைத் தூக்கிப் பாத்திருக்கக் கூடாது?" கணவரும் சேர்ந்துகொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அவள் தட்டில் கை அலைய, சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஏம்மா, இந்த மாதிரி போகாத கூட்டம் எத்தனை எழுதியிருக்க?"

நான் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனேன். அவள் அழுத்திக் கேட்கவில்லை. வீட்டுக்குள் விசாரணை கிடையாது.

என் மகளுக்கு உளவுப் பிரிவில் அம்மா இருந்தாள். நிமிர்ந்து, நான் போகவில்லை சார் என்று சொல்ல ஆள் இருந்தது. நான் எழுதிய மற்ற வரிகளில் எத்தனை சட்டைக்காரர்கள், எத்தனை சுடிதார்கள்? அவர்களில் யாருக்காவது ஒரு பாஸ்போர்ட், ஒரு வேலை நின்றிருக்கிறதா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியும் இல்லை.

மறுநாள் அலுவலகத்தில் என் பழைய டைரிகளை எடுத்து வைத்து, அட்டவணை வந்த நாளிலிருந்து நான் நேரில் போகாமல் எழுதிய கூட்டங்களைப் பட்டியல் போட்டேன். நான்கு பக்கம் வந்தது. அதை ஆய்வாளரிடம் கொண்டுபோனேன்.

"இதை வச்சு என்னம்மா பண்றது?"

"ஒவ்வொண்ணுலயும் ஒரு வரி சேக்கணும் சார். நேரில் பார்க்கவில்லை, கேட்டு எழுதியது. அம்புட்டுத்தான்."

"உங்க பொண்ணுதான் தப்பிச்சிருச்சே. இன்னொரு கண்டனம் வேணுமா உங்களுக்கு?"

"குடுத்தா வாங்கிக்கிறேன் சார்."

அவர் மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார். மூன்று வாரம் கழித்து அனுமதி வந்தது. அதற்குள் மகளை மதுரையில் ரயிலேற்றிவிட்டு வந்திருந்தோம். அனுமதி வந்த அன்றே ரெக்கார்டு அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். தூசியில் தும்மிக்கொண்டே ஒவ்வொரு கோப்பாக எடுத்து, தேதி போட்டு, அந்த ஒரு வரியை எழுதிக் கையெழுத்திட்டேன். ஒன்றில் பீடித் தொழிலாளர் கூட்டம், ஒன்றில் சித்தையன்கோட்டையில் தண்ணீர் கேட்டு நடந்த மறியல். அதில் ஒரு நீலச் சட்டைக்காரர் 'தூண்டிவிட்டார்' என்று எழுதியிருந்தேன். என் டைரிப்படி, தம்பி போனில் சொன்னது 'முன்னால் நின்றார்'. அந்தச் சொல்லை அடித்து, மேலே சரியான சொல்லை எழுதினேன்.

அப்போது போன் அடித்தது. மகள்தான். அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாளாம், கையெழுத்துப் போட்டாளாம், ஹாஸ்டலில் இரவுக்கு ரொட்டியாம். ஸ்வெட்டர் பத்தவில்லையாம்.

"நீ என்னம்மா பண்ற?"

"வேலையில இருக்கேன். செத்த நேரம் கழிச்சுக் கூப்பிடுறேன்."

சரி என்று வைத்துவிட்டாள். அடுத்த கோப்பைப் பிரித்தேன்.